கையில காசு கம்மி... கிறிஸ்துமஸ் கம்மியில்லை!

 

டிசம்பர் வந்துட்டாலே ஹாஸ்டலுக்கு ஒரு தனி வாசனை வந்துடும். மூணாவது மாடியில யாரோ ஒருத்தர் கிடாரை வச்சுக்கிட்டு ஒரே கேரல் பாட்டை நாப்பதாவது தடவையா தப்பா வாசிப்பார். மெஸ் வாசல்ல போன வருஷத்து ஸ்டார் தூசியோட தொங்கும். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டுல ‘கிறிஸ்மா – கிறிஸ்சைல்ட் விளையாட்டுக்குப் பெயர் கொடுங்கள்’னு ஒரு பேப்பர். அதுக்குக் கீழேயே ‘தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள்’னு இன்னொரு பேப்பர்!

இந்த ரெண்டு பேப்பருக்கும் நடுவுல நிக்கிற ஆளா நீங்க? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான். முதல்ல ஒரு கேள்வி. உங்க அக்கவுன்ட்ல இப்போ எவ்வளவு இருக்கு? சத்தமா சொல்ல வேணாம், மனசுக்குள்ள சொல்லுங்க. சொல்லும்போது லேசா வெட்கமா இருந்ததா? அந்த வெட்கம்தான் நம்மள நிறைய செலவு பண்ண வைக்குது. எப்படின்னு என் கதையையே சொல்றேன்.

ரெண்டு பக்கமும் கடன்!

2017. நான் சென்னையில செகண்ட் இயர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார், அம்மா வீட்டுல தையல். அந்த வருஷம் அப்பாவுக்கு வண்டி ரிப்பேர், ஓட்டமும் குறைச்சல். போன்ல கேட்டா, “அதெல்லாம் ஒண்ணுமில்லல, நீ நல்லாப் படி”ன்னு முடிச்சிருவார்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ‘பட்டணத்துல படிக்கிற பையன் வெறுங்கையோட போகலாமா’ன்னு மூணு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட 3,500 ரூபாய் கடன் வாங்கினேன். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குச் சட்டை, தம்பிக்கு ஹெட்செட், பேக்கரியில ரிப்பன் கட்டின ஒரு கிலோ பிளம் கேக். ட்ரெயின் டிக்கெட்டைப் பத்தி டிசம்பர் 20-ந்தேதிதான் ஞாபகமே வந்தது. வெயிட்டிங் லிஸ்ட் மூணு இலக்கத்துல இருந்தது. கடைசியில பஸ்ஸுக்கு 1,800 ரூபாய் அழுதேன். ஸ்லீப்பர்ல போயிருந்தா அதுல நாலுல ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

வீட்டுக்குப் போனா அங்கே ராஜ மரியாதை. எனக்குப் புது ஜீன்ஸ், சட்டை. ரெண்டு கிலோ கறி. வாசல்ல எல்.இ.டி. ஸ்டார். ‘பரவாயில்லையே, வீட்டுல நல்லாத்தான் இருக்காங்க’ன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

26-ந்தேதி காலையில ஒரு அக்கா நோட்டோட வாசல்ல வந்து நின்னாங்க. குழுக் கடன் தவணை. அம்மா சமையல்கட்டுல டப்பா டப்பாவாத் தேடினாங்க. 200 ரூபாய் குறைஞ்சுது. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. என் ஜீன்ஸும் அந்த ரெண்டு கிலோ கறியும் கடன்ல வந்தது! “வருஷத்துக்கு ஒரு தடவை வார புள்ளைக்குச் செய்யாண்டாமால?”ன்னு அம்மா கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. ஏன்னா அவங்க கட்டியிருந்த புடவையும் கடன்தான். அது அவங்களுக்குத் தெரியாது.

ஓ. ஹென்றி 1905-ல் எழுதின கிறிஸ்துமஸ் கதையை இங்கிலீஷ் பாடத்துல படிச்சிருப்பீங்க. புருஷன் வாட்சை வித்து மனைவிக்குச் சீப்பு வாங்குவான். அவ தலைமுடியை வித்து அவன் வாட்சுக்குச் செயின் வாங்குவா. அங்கே வாட்சும் முடியும் போனதோட சரி, முடியாவது திரும்ப வளரும். எங்க வீட்டுல வட்டியில்ல வளர்ந்தது!

ஜனவரியில நான் தேர்வுக் கட்டணத்தை ஃபைனோட கட்டினேன். மூணு ஃப்ரெண்ட்ஸ் கடனை அடைக்க மார்ச் வரைக்கும் ஆச்சு. அதுவரை ராத்திரி டிபன் பல நாள் ரெண்டு பன்னும் ஒரு டீயும்தான். ஒரு ஃப்ரெண்டு என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனதுதான் எல்லாத்தையும்விட வலிச்சது.

அந்த ஒரு போன் கால்

அடுத்த வருஷம் நவம்பர்ல, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போன் பண்ணினேன். தொண்டையை நாலு தடவை கனைச்சிட்டு, “அப்பா, டிக்கெட் போக இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்கிட்ட 1,500 ரூபாய்தான் இருக்கு. கடன் வாங்கப் போறதில்ல”ன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா சிரிச்சார். “என்கிட்ட மூவாயிரம்தாம்ல இருக்கு. ஒங்கம்மாகிட்ட எப்படிச் சொல்லுகதுன்னு முழிச்சிக்கிட்டு இருக்கேன்.”

அவ்வளவுதாங்க. 1,500 பிளஸ் 3,000. மொத்தம் 4,500. எங்க வீட்டுல முதல் தடவையா ஒரு கிறிஸ்துமஸுக்கு பட்ஜெட் போட்டோம்.

சிக்கனம்னா என்னன்னு நிறைய பேர் டிப்ஸ் தருவாங்க. என்னைக் கேட்டா, முதல் டிப்ஸ் இதுதான்: கையில இருக்கிற தொகையை வீட்டுல வாய் விட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவங்களும் சொல்வாங்க. ரெண்டு பக்கமும் மறைச்சா ரெண்டு பக்கமும் கடன். ரெண்டு பக்கமும் சொன்னா ஒரே பட்ஜெட். மத்த டிப்ஸ் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

அந்த 4,500-ஐ எப்படிப் பிரிச்சோம்னு அப்பா காலண்டர் தாள் பின்னாடி எழுதினது இது. பலகாரம், கேக் 900. கறி, பிரியாணிச் சாமான் 950. புதுத்துணி 1,400. பரிசு 400. ஸ்டார், குடில் 150. காணிக்கையும் கேரல் வர்றவங்களுக்குக் கொடுக்கிறதும் சேர்த்து 400. மிச்சம் 300 ரூபாய்க்கு ‘ஜனவரி’ன்னு பேர் எழுதி ஒரு கவர்ல போட்டு பைபிளுக்குள்ள வச்சாச்சு. இது 2018 விலைவாசி. இன்னிக்கு உங்க ஊர் விலையில நீங்க புதுசா எழுதுங்க. ஆனா அந்த ஜனவரி கவரை மட்டும் விட்டுடாதீங்க. 26-ந்தேதிக்கு அப்புறமும் வாழ்க்கை இருக்கு பாஸ்!

முதல் செலவு டிக்கெட்

வெளியூர்ல படிக்கிறவங்களுக்குக் கிறிஸ்துமஸ் செலவுல பெரிய ஓட்டை கேக் இல்லை, பஸ் டிக்கெட்தான். முன்னாடியெல்லாம் ட்ரெயின்ல 120 நாள் முன்னாடி ரிசர்வ் பண்ணலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாக் குறைஞ்சிருக்கு. டிசம்பர் 23-ந்தேதி ராத்திரி கிளம்பணும்னா அக்டோபர் 24-ந்தேதி காலையிலேயே உட்காரணும். போகும்போதே திரும்புறதையும் சேர்த்துப் போடுங்க. புது வருஷம் முடிஞ்சு எல்லாரும் ஒரே நாள்ல ஊர் திரும்புவாங்க.

‘இதை இப்போ வந்து சொல்றீங்களே’ன்னு திட்டாதீங்க. விட்டவங்களுக்கும் வழி இருக்கு. 24-ந்தேதிக்குப் பதிலா 21, 22-ல் கிளம்ப முடியுமா பாருங்க. பகல் நேர ரயில்ல அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து, நாலு பேராச் சேர்ந்து போங்க. இல்லைன்னா அரசு பஸ்ல பாதி தூரம், இறங்கி இன்னொரு பஸ். இடுப்பு கொஞ்சம் வலிக்கும், பர்ஸ் வலிக்காது.

குக்கர்ல ஒரு கேக்

பேக்கரி கேக்கோட விலையில பாதி அந்தப் பெட்டிக்கும் ரிப்பனுக்கும்தானோன்னு எனக்கு எப்பவும் ஒரு டவுட்டு உண்டு. வீட்டுலயே ஒரு கிலோ கேக் பண்ணலாம். மைதா 250 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் அல்லது எண்ணெய் 200, முட்டை 4, பேக்கிங் பவுடர் ஒண்ணரை டீஸ்பூன். திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் சேர்த்து ஒரு கை நிறைய. உலர் பழத்தை ரம்லதான் ஊறவைக்கணும்னு சட்டம் இல்லை. கறுப்புத் திராட்சையை வேக வச்சுப் பிழிஞ்ச சாறு போதும். கேக்குக்குக் கறுப்பு நிறம் வர, கொஞ்சம் சர்க்கரையைத் தனியாக் கருக்கி வெந்நீர் ஊத்துங்க. தள்ளி நின்னு ஊத்துங்க, தெறிக்கும்!

அவன் இல்லையா? பழைய குக்கர் போதும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழட்டிடுங்க. தண்ணி ஊத்தாம, அடியில ஒரு இஞ்ச் உயரத்துக்குக் கல்லுப்பு இல்லைன்னா மணல் போட்டுப் பத்து நிமிஷம் சூடாக்குங்க. ஒரு ஸ்டாண்டு வச்சு, அதுமேல கேக் பாத்திரம். சின்ன தீயில முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியால குத்திப் பார்த்து மாவு ஒட்டலைன்னா ரெடி.

இன்னொரு ரகசியம். அந்தச் சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டி இருக்கே, அது பப்பாளிக்காய்! சின்னச் சின்னதா நறுக்கி, வேக வச்சு, சர்க்கரைப் பாகுல ஊறவச்சு, கலர் சேர்த்துக் காய வைக்கிறதுதான். பின்னாடி வீட்டு மரத்துல காய் இருந்தா அதுவே கிறிஸ்துமஸ்தான்.

தென் மாவட்டத்துக்காரங்களுக்கு முந்திரிக்கொத்து தெரியாம இருக்காது. பேர்தான் முந்திரி, உள்ளே இருக்கிறது வறுத்துத் திரிச்ச சிறுபயறும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்ந்த பாகும் தேங்காயும். அரிசி மாவுல முக்கிப் பொரிச்சா பல நாள் கெடாது. அச்சு முறுக்குக்கு அச்சு இல்லைன்னா தெருவுல யாராவது ஒருத்தர்கிட்ட இருக்கும். கேட்டா அச்சு மட்டும் வராது, அந்த அத்தையும் கூடவே வந்து உட்கார்ந்து சுட்டுக் கொடுப்பாங்க. நாலு வீடு சேர்ந்து ஒரே அடுப்புல சுட்டா எண்ணெயும் மிச்சம், கேஸும் மிச்சம், ஊர்க்கதை ஃப்ரீ!

குடிலுக்கு வைக்கோல் போதும்

1223-ல் இத்தாலியில கிரேச்சோங்கிற ஊர்ல அசிசி பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைச்சப்போ அங்கே இருந்தது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. இன்னிக்கு வரைக்கும் நாம வைக்கிற குடிலுக்கு அதுதான் முன்மாதிரி. ஸோ, ஃபைபர் குடில் வாங்க முடியலையேன்னு யாரும் ஃபீல் பண்ணத் தேவையே இல்லை.

டிசம்பர் 14-ந்தேதி கேழ்வரகையோ கோதுமையையோ ஊறவைங்க. மறுநாள் ஒரு தட்டுல மண்ணைப் பரப்பித் தூவி, தினமும் தண்ணி தெளிங்க. 24-ந்தேதிக்குப் பச்சைப் புல்வெளி ரெடி. ஸ்டாருக்கு மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் பசையும் போதும். உள்ளே மாட்டுற பல்பு மட்டும் சூடாகாத எல்.இ.டி.யா இருக்கட்டும்.

நூறு ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

நாலு பேர் உள்ள வீட்டுல ஒவ்வொருத்தரும் மத்த எல்லாருக்கும் பரிசு கொடுத்தா 12 பரிசு. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருத்தருக்கு ஒருத்தர்னு கொடுத்தா நாலே நாலு. பத்து பேர் கேங்குன்னா 90 பரிசு பத்தாக் குறையும். ‘கிறிஸ்மா – கிறிஸ்சைல்ட்’ கண்டுபிடிச்சவங்க கணக்கு வாத்தியாரோ என்னவோ! ஆனா ஒரு கண்டிஷன்: இவ்வளவுதான்னு ஒரு லிமிட் வச்சு, அதை மொதல்லயே நோட்டீஸ்ல எழுதிடுங்க. ஒருத்தர் வாட்ச் கொடுத்து இன்னொருத்தர் பேனா கொடுத்தா பேனா கொடுத்தவர் மனசு என்ன பாடுபடும்?

2018-ல் எங்க வீட்டுல லிமிட் நூறு ரூபாய். எனக்கு அப்பா பேர் வந்தது. நூறு ரூபாய்க்கு என்ன வாங்கன்னு ரெண்டு நாள் அவரைக் கவனிச்சேன். அவர் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்ததை அப்பதான் பார்த்தேன். எத்தனை மாசமோ! 95 ரூபாய்க்கு ஒரு ரப்பர் செருப்பு. அம்மா பேர் அப்பாவுக்கு. அவர் அம்மாவோட தையல் மெஷினுக்குப் புது பெல்ட் மாட்டி, எண்ணெய் போட்டு, துடைச்சு வச்சிருந்தார். போன வருஷக் கடன் புடவையை வாங்கிக்கிட்டப்போ அம்மா ‘எதுக்குல இவ்வளவு செலவு’ன்னு சொன்னாங்க. இந்த வருஷம் ஒண்ணுமே சொல்லல. மெஷினை ஒரு தடவை மிதிச்சுப் பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க.

காசு நிறைய இருந்தா கடைக்குப் போய்ப் பார்ப்போம். காசு கம்மியா இருந்தா ஆளைப் பார்ப்போம். அதுதான் வித்தியாசம்.

இந்த ஒரு கதவை மட்டும் தட்டாதீங்க

போன்ல ‘அஞ்சு நிமிஷத்துல லோன்’னு வருதே, அதுதான். ஒரு கணக்கு பாருங்க. 3,000 ரூபாய் லோன்னு சொல்லி, ‘ப்ராசஸிங்’ பேர்ல 500 பிடிச்சுக்கிட்டு 2,500 கையில தர்றான். ஏழு நாள்ல 3,000 கட்டணும்னு வச்சுக்குங்க. பார்க்க 500 ரூபாய்தான். ஆனா வாரத்துக்கு 20 சதவீதம். வருஷத்துக்கு 1,040 சதவீதம்! கந்துவட்டிக்காரரே கையெடுத்துக் கும்பிடுவார்.

கடன் ஆப்கள் உங்க கான்டாக்ட் லிஸ்ட்டையும் கால் ஹிஸ்டரியையும் தொடக் கூடாதுன்னும், மொத்த வருட வட்டி எவ்வளவுன்னு முன்கூட்டியே காட்டணும்னும் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்லயே விதி போட்டாச்சு. கான்டாக்ட் பர்மிஷன் கேட்குற ஆப்பைப் பார்த்தா அந்த நிமிஷமே அன்இன்ஸ்டால் பண்ணுங்க. ‘இப்போ வாங்கு, அப்புறம் கட்டு’ங்கிறதும் கடன்தான் பாஸ், பேர்தான் ஸ்டைலு.

ஊருக்குப் போக முடியலையா?

ப்ராஜெக்ட், பார்ட் டைம் வேலைன்னு ஹாஸ்டல்லயே இருக்கிறவங்க எப்பவும் நாலு பேர் இருப்பாங்க. அந்த நாலு பேரும் ஆளுக்கு நூறு போட்டா ஒரு நல்ல மதியச் சாப்பாடு. பக்கத்துல ஊர் இருக்கிறவங்க ரூம்மேட்டைக் கையோட கூட்டிட்டுப் போங்க. அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பிரியாணி ஒண்ணுதான். வீட்டுக்கு ஆகுற கூடுதல் செலவு ஒரு தட்டு. அவருக்கு மிஞ்சுறது ஒரு வீடு.

கடைசியா...

2018 டிசம்பர் 26. காலையில வாசல்ல யாரும் நோட்டோட வந்து நிக்கல. அம்மா நிதானமா டீ போட்டாங்க. அப்பா ‘ஜனவரி’ கவரைப் பிரிச்சு எண்ணினார். 300-க்குப் பதிலா 140 ரூபாய்தான் இருந்தது. கேரல் வந்த பதினாறு பசங்களுக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்ததுல 160 போயிருச்சாம். “பட்ஜெட்டைத் தாண்டிட்டேம்ல”ன்னு அவர் ரொம்ப சீரியஸா சொன்னார். எல்லாரும் சிரிச்சுட்டோம். அந்த 140 ரூபாயை என் சட்டைப் பையில வச்சு, “போற வழியில சாப்பிடு”ன்னு அனுப்பினார். புதுச் செருப்பு ‘டப் டப்’னு சத்தம் போட, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தார்.

இன்னிக்கு ராத்திரி மெஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. “அம்மா, என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு”ன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும்தான் கஷ்டம். அந்தப் பக்கமும் யாரோ அதே வரியை எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருக்கலாம்.

ஹேப்பி கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்ஸ்! அடுத்த வாரம் பார்க்கலாமா?